படிக்கிற விளக்கை அணைக்காதீங்க!



'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் அதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் எதில் சேமிக்கணும், எதில் சேமிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதப் போகிறேன்.

கரண்ட் பில் கூட வந்துட்டா வீட்டில் முதலில் திட்டு வாங்குறது யாரு? ராத்திரி லைட்டைப் போட்டுப் படிக்கிற பிள்ளைதான். அதுவும் பொம்பளப் பிள்ளைன்னா, "படிச்சது போதும், அணைச்சிட்டுப் படு" என்று சட்டுனு சொல்லிடுவாங்க. அடுத்து திட்டு வாங்குறது மிக்ஸி போடுற அம்மா. இது நியாயமா? கோபப்படாம கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1000 வாட் பொருள் ஒன்று 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். இதை அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். வாட்டையும் மணி நேரத்தையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிறார்கள். அதனால் 60 நாளுக்குக் கணக்கு போட்டிருக்கிறேன்.

* படிக்கிற 9 வாட் எல்.இ.டி. பல்பு, தினம் 4 மணி நேரம்: சுமார் 2 யூனிட்
* அம்மாவின் 500 வாட் மிக்ஸி, தினம் 10 நிமிஷம்: 5 யூனிட்
* அடுப்படியில் இன்னும் 60 வாட் குண்டு பல்பு இருந்தால், தினம் 4 மணி நேரம்: 14 யூனிட்
* பழைய 75 வாட் மின்விசிறி, தினம் 12 மணி நேரம்: 54 யூனிட்
* 1 குதிரைத்திறன் தண்ணி மோட்டார் (746 வாட்), தினம் 1 மணி நேரம்: சுமார் 45 யூனிட்

இப்ப சொல்லுங்க, பில்லை ஏத்துனது படிக்கிற பிள்ளையா?

மோட்டாரைப் போட்டுட்டு மறந்துடுறாங்க. தொட்டி நிறைஞ்சு தண்ணி தெருவில் ஓடும்போதுதான் "ஐயோ மோட்டாரு!" என்று ஓடுவாங்க. தினம் 10 நிமிஷம் இப்படி வழிந்தால் ரெண்டு மாசத்தில் 7 யூனிட்டுக்கு மேல் வீண். அந்த 7 யூனிட்டில் ஒரு பிள்ளை ஆறு மாசத்துக்கு மேல் ராத்திரி படிக்கலாம். நம்ம புதுக்கோட்டை வறண்ட மாவட்டம். இங்க கரண்டும் வீண், தண்ணியும் வீண் என்றால் ரெட்டை நஷ்டம்.

அடுத்தது டி.வி. ரிமோட்டில் அணைத்தால் படம்தான் நிற்கும். செட்டாப் பெட்டியில் சின்ன விளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கும். அது 5 வாட்தான் இழுக்குதுன்னு வச்சாலும், ராத்திரி பகலா 60 நாளில் 7 யூனிட் ஆகிறது. யாருமே பார்க்காத டி.வி.க்கு இவ்வளவு செலவு! ஆனா இதுக்காக யாரும் யாரையும் திட்டுறதில்லை.

இனி பில் கணக்கு. நம் மாநிலத்தில் 2016 மே மாதம் முதல் எல்லா வீட்டுக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கொடுத்தார்கள். அந்தப் பணத்தை அரசாங்கம் மின்வாரியத்துக்கு மானியமாகக் கட்டுகிறது. அது மக்களோட வரிப்பணம். அதனால் இலவசம்தானேன்னு வீணாக்குறது சரியில்லை.

மீதி யூனிட்டுக்கு விலை படிக்கட்டு மாதிரி ஏறும். 2022 செப்டம்பர் 10-ல் வந்த கட்டணத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. அப்படின்னா 200 யூனிட்டுக்கு பில் 225 ரூபாய். 300 யூனிட்டுக்கு 675 ரூபாய். யூனிட் ஒன்றரை மடங்குதான் ஏறியது, பணம் மூணு மடங்கு ஏறிப்போச்சு! 500 யூனிட்டைத் தாண்டினால் இன்னும் மோசம். கீழ்ப்படி விலையும் மாறிவிடும். 500-க்கு 1725 ரூபாய், 501-க்கு 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுகிறது. 2024 ஜூலையில் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது.

நம்மைப் போன்ற வீடுகளில் 200-ஐத் தாண்டும் இடத்தில்தான் கவனமா இருக்கணும். 200-ஐ 60 நாளுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 23 யூனிட் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மீட்டர் எண்ணைப் பார்த்து காலண்டரில் எழுதி வையுங்க. 23-ஐத் தாண்டுதா என்று பார்த்துக்கொண்டே வரலாம். ரீடிங் எடுக்கிறவர் வந்து அட்டையில் எழுதின பிறகு "இம்புட்டா?" என்று கேட்டு என்ன பிரயோஜனம்?

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை:

1. மோட்டார் போடுறவங்களே நின்னு அணைக்கணும், இல்லாட்டி கடிகாரத்தில் அலாரம் வைக்கணும்.
2. டி.வி.யை சுவரில் உள்ள சுவிட்சில் அணைக்கணும்.
3. ஆள் இல்லாத அறையில் மின்விசிறி ஓடக் கூடாது.
4. குளிர்சாதனப் பெட்டிக்குள் சூடான குழம்பை வைக்காமல் ஆறவிட்டு வைக்கணும்.
5. யூனிஃபார்மை தினம் ஒண்ணா இஸ்திரி போடாமல் வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா போடணும்.
6. வீட்டில் எல்லாத்தையும் அணைச்ச பிறகும் மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் எங்கேயோ கரண்ட் போகுதுன்னு அர்த்தம். நாமே மீட்டர் பெட்டியைத் தொடக் கூடாது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் காட்டணும்.

"30 வாட் மின்விசிறி வந்திருக்கு, அதை வாங்குங்க" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். பழைய 75 வாட் விசிறிக்குப் பதில் அதைப் போட்டால் ரெண்டு மாசத்தில் 32 யூனிட் மிச்சம், அதாவது சுமார் 144 ரூபாய். ஆனால் அதன் விலை 2500 ரூபாய்க்கு மேல். போட்ட காசு திரும்பி வரவே மூணு வருஷம் ஆகும். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் திடீரென்று 2500-க்கு எங்கே போவது? அதனால் ஓடுற விசிறியைத் தூக்கிப்போட வேண்டாம். காயில் கருகி மாத்துற நேரம் வரும்போது அதை வாங்கலாம். குண்டு பல்பை மட்டும் இப்பவே மாத்திடலாம்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தது. நம்ம மாவட்டத்திலும் டெல்டா மாவட்டங்களிலும் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. வெளி மாவட்டங்களில் இருந்தும் பக்கத்து மாநிலங்களில் இருந்தும் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். அப்ப மக்கள் தேடினது குடிதண்ணி ஏத்த மோட்டாரும், ராத்திரிக்கு ஒரு வெளிச்சமும்தான். ஒரு வீட்டுக்குக் கட்டாயம் வேண்டியது எதுன்னு அந்தப் புயல் காட்டிக்கொடுத்தது. பில்லைக் குறைக்கணும்னா அந்த ஒரு வெளிச்சத்தை அணைக்கிறதுல ஆரம்பிக்கலாமா?

படிக்கிற பல்பின் 2 யூனிட்டுக்கு, 4 ரூபாய் 50 காசு விலையில் போட்டாலும், ரெண்டு மாசத்துக்கு 10 ரூபாய்க்குள்தான் ஆகிறது. ஒரு நாளைக்கு 17 காசு கூட இல்லை. அந்தக் காசுக்காக ஒரு பிள்ளையின் பாடத்தை நிறுத்துவது சேமிப்பு ஆகாது. கண்ணுக்கு எதிரில் எரிவதால் லைட்டு மட்டும் செலவாத் தெரியுது. விசிறியும் மோட்டாரும் சத்தமில்லாம நிறையத் தின்னுது.

என்னோடு படிப்பவர்களே, இன்னைக்கு சாயங்காலம் வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளிலும் எத்தனை வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கணக்குப் போடுங்க. அதை அப்பா, அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் மரியாதையா எடுத்துச் சொல்லுங்க. அடுத்த தடவை "லைட்டை அணை" என்று சொன்னால், முதலில் தொட்டி நிறைஞ்சிருச்சான்னு பார்த்து மோட்டாரை அணைச்சிட்டு வந்து, புத்தகத்தைத் திறங்க.

வீணாவதை நிறுத்துவோம்! படிப்பதை நிறுத்த மாட்டோம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி