கோட்டையும் கண்மாயும்

திருமயத்துக் குன்றின்மேல் 1687-ஆம் ஆண்டில் சேதுபதி மன்னர் கோட்டை எழுப்பினார். பகைவரைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால், 2018 நவம்பர் 16-இல் கடலினின்று வந்த கஜா புயலை எம்மதிலும் தடுக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலத்தைச் சூழ்ந்த தென்னந்தோப்புகள் சாய்ந்தன. உழவர் பல்லாண்டு உழைப்பின் பயனை ஒரே நாளில் இழந்தனர்.

கடலின் வெப்பம் மிகுந்தால் புயலின் வலிமையும் மிகும் என்பர் அறிவியலார். பருவநிலை மாற்றத்தை ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையே 2007-இல் முதன்முறையாக ஆராய்ந்தது. படை வேண்டா என்பதன்று; படை மட்டும் போதாது என்பதே உண்மை. பெருமழையை ஏற்று, வறட்சியில் நீரளிக்கும் கண்மாயும், காற்றைத் தாங்கும் மரமும், உறுதியான வீடும், காலத்தே வரும் எச்சரிக்கையும் நாட்டின் அரண்களே. கண்மாயைத் தூர்வாரிக் கரையைக் காப்பவரும் எல்லைக் காவலரைப் போன்றே நாட்டைக் காப்பவராவர்.