முழங்காலுக்கும் அவகாசம் தேவை

தமிழ்நாட்டில் ஓட்டம் இன்று பரவலான பழக்கமாகிவிட்டது. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடைபெற்ற கலைஞர் நினைவுப் பன்னாட்டு மாரத்தானில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அதே ஆண்டு நவம்பரில், மாவட்டந்தோறும் 8 கிலோ மீட்டர் நடைபாதையை அடையாளம் கண்டு, ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தை அரசு தொடங்கியது. 10 கோடிக்கும் மேற்பட்ட இந்தியர்களுக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறும் காலத்தில், இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், எத்தனை பேர் ஓடத் தொடங்கினார்கள் என்று எண்ணும் நாம், அவர்களில் பலர் ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று கேட்பதில்லை. அதற்கான காரணங்களுள் ஒன்று முழங்கால் வலி.

முழங்கால் வலி எல்லாம் ஒன்றல்ல. சில்லைச் சுற்றியோ அதன் பின்புறமோ பரவலாக எழும் வலி ஒரு வகை. ஓடுபவர்களிடம் அதிகம் காணப்படுவது இதுவே. சில்லின் கீழ்முனைக்குச் சற்றுக் கீழே, விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் எழும் வலி இன்னொரு வகை. சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் தசைநாணின் பாதிப்பு இது. தாவிக் குதிக்கும் விளையாட்டு வீரர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டதால், 1973-இல் ‘குதிப்போர் முழங்கால்’ என்ற பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. மேட்டுப்பாதையில் இறங்கி ஓடுபவர்களும் திடீரென வேகத்தைக் கூட்டுபவர்களும் இதற்கு விலக்கல்லர்.

இந்த வலியை நெடுங்காலம் ‘அழற்சி’ என்றே மருத்துவம் கருதியது. ஓய்வு, பனிக்கட்டி ஒத்தடம், வலிமாத்திரை என்ற சிகிச்சைமுறை அந்தக் கருத்திலிருந்து பிறந்ததுதான். கடந்த கால் நூற்றாண்டு ஆய்வுகள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஜில் குக், கிரெய்க் பர்டம் ஆகியோர் 2009-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, தாங்கும் திறனை மீறிய சுமைக்குத் தசைநாண் முதலில் தடித்து எதிர்வினை காட்டுகிறது. சுமை குறையாவிட்டால் அதன் கொலாஜன் இழைகளின் ஒழுங்கு குலைகிறது. இறுதியில் சில பகுதிகள் நலிவடைகின்றன. முதல் கட்டத்தில் விழித்துக்கொள்பவர் எளிதில் மீளலாம். வலிமாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுபவர் அந்த எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டிவிடுகிறார்.

இங்கே ஒரு காலக் கணக்கு உண்டு. பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சு சீராகிறது, இதயம் பழகிக்கொள்கிறது, தசை வலுப்பெறுகிறது. தசைநாணுக்கோ மாதங்கள் தேவை. ‘இன்னும் ஓட முடியும்’ என்று நெஞ்சு சொல்லும் நாளில், முழங்கால் அதற்கு ஆயத்தமாக இருப்பதில்லை. மாரத்தான் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆறு வாரத்தில் தயாராக முனைபவர்கள் இந்த இடைவெளியில்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

முழு ஓய்வு தீர்வாகாதா? வலி தணியும், ஆனால், சுமையற்ற தசைநாண் மேலும் பலவீனமடையும். ஓட்டத்துக்குத் திரும்பிய சில நாள்களில் வலியும் திரும்பும். ஊசியும் குறுக்குவழியன்று. டென்மார்க்கில் 2009-இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி 12 வாரங்களில் நல்ல பலன் தந்தது. அரையாண்டுக்குப் பிறகு அந்தப் பலன் தேய்ந்துவிட்டது. கனமான எடையை மெதுவாகத் தூக்கிப் பயிற்சி செய்தவர்களோ முன்னேற்றத்தைத் தக்கவைத்துக்கொண்டனர். நார்வேயில் 2006-இல் வெளியான ஆய்வு, அறுவை சிகிச்சை உடற்பயிற்சியைவிடக் கூடுதல் பலன் எதையும் தரவில்லை என்று கண்டது.

எனவே, அளவறிந்து ஏற்றப்படும் சுமையே இதற்குரிய மருந்து என்பது என் முடிவு. முதலில் குதித்தல், வேக ஓட்டம், இறக்கத்தில் ஓடுதல் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி அசையாமல் நிற்கும் பயிற்சியில் தொடங்கலாம். பிறகு எடையுடன் மெதுவாக அமர்ந்தெழும் பயிற்சி. கடைசியாகக் குதித்தலும் ஓட்டமும். பத்துக்கு மூன்று என்ற அளவைத் தாண்டாத வலியைப் பயிற்சியின்போது பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையில் அது கூடியிருந்தால் சுமை மிகுந்துவிட்டது என்று பொருள். மூன்று மாதமேனும் பொறுமை வேண்டும். சிலருக்கு அதற்கும் மேல். ‘பட்’ என்ற ஓசையுடன் வலி எழுந்தாலோ, காலை நீட்ட இயலாவிட்டாலோ உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

நம் சூழலில் கூடுதல் கவனம் தேவைப்படும் இரண்டு செய்திகள் உள்ளன. நீரிழிவு, தசைநாணின் இழைகளை விறைப்பாக்கி அதன் பாதிப்புக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. சர்க்கரையைக் கட்டுப்படுத்த ஓடத் தொடங்குபவருக்கே நிதானம் அதிகம் தேவை. இரண்டாவது, சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள். இவற்றால் தசைநாண் அறுந்துபோகக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. மருத்துவர் சீட்டின்றி இவற்றை வாங்கி விழுங்கும் பழக்கம் ஓடுபவர்களுக்கு இருமடங்கு ஆபத்தானது.

இதைத் தனிமனிதப் பொறுப்பாக மட்டும் விட்டுவிடக் கூடாது. மாரத்தான் நடத்துவோர் முன்பதிவுடன் படிப்படியான பயிற்சி அட்டவணையையும் வழங்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசென்ற அனுபவம் நம் அரசுக்கு உண்டு. அந்தச் சேவையின் ஒரு பகுதியை, வாரம் ஒரு நாள் அதிகாலையில், நடைபாதைகளுக்கும் பூங்காக்களுக்கும் கொண்டுவந்தால் போதும்; வலியால் ஒதுங்கும் பலரைத் தக்கவைக்கலாம். பதக்கத்தோடு முடிந்துவிடும் ஒரு நாள் ஓட்டத்தைவிட, அறுபது வயதிலும் தொடரும் ஓட்டமே பொதுச் சுகாதாரத்தின் வெற்றி.