கொண்டுவிக்கப் போன சீமை

காரைக்குடியின் பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களிடம் முகப்புத் தூணைத் தட்டிக்காட்டி, இது பர்மாத் தேக்கு என்று பெருமிதத்தோடு சொல்லும் நாம், அந்தத் தேக்கைத் தந்த தேசம் பிற்காலத்தில் நம்மவரை ஏன் வேண்டாமென்றது என்ற விஷயத்தை, நே வின் என்ற ராணுவத் தளபதியின் கொடுமை என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். விஷயம் அத்தனை சுலபமன்று.

ஐராவதியின் முகத்துவாரத்துச் சதுப்புகளைக் கழனியாக்கப் பணம் கொடுத்தவர்கள் நகரத்தாராகிய செட்டியார்கள் என்பது மெய்யே. ஆனால் 1930-க்குப் பின் நெல் விலை சரிந்து, கடன் அடைபடாமல், அடமானம் வைத்த காணிகள் கைமாறியபோது, கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1937-க்குள் 25 பங்காகிவிட்டது. அவர்கள் விரும்பி வாங்கிய நிலமன்று அது, கொடுத்த பணத்துக்கு ஈடாக வந்தது, பேரேட்டின்படி நியாயமானதே. எனினும் தலைமுறையாக உழுத வயலை இழந்த பர்மியக் குடியானவனுக்குப் பேரேட்டு நியாயத்தைச் சொல்லிப் பயனென்ன? அவன் கோபத்தில் நியாயமே இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் கோபம் சட்டமானபோதுதான் விபரீதம் நேர்ந்தது. 1937 ஏப்ரலில் பர்மா தனியாகப் பிரிந்தது. 1947-ல் குடிவரவுச் சட்டமும், 1948-ல் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டமும், 1962-ல் ராணுவ ஆட்சியும், பின்னர் கடைகளைத் தேசியமயமாக்கும் ஆணைகளும் வரிசையாக வந்தன. வட்டிக்கடை முதலாளிகளில் பலர் 1942-ல் ஜப்பானியர் வருவதற்குள்ளாகவே ஊர் வந்து சேர்ந்துவிட்டபடியால், 1964-க்குப் பின் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் சிறு கடைக்காரரும் கூலிக்காரருமே. அவ்வருஷம் மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டதால், கையிலிருந்த சொற்பமும் காகிதமாயிற்று. நம் ஊர்ப் பர்மா காலனியில் மூதாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார்: "தாலியையும் துறைமுகத்திலேயே கழட்டி வாங்கிட்டாகப்பா. வெறும் மஞ்சக் கயித்தோட வந்து எறங்குனேன்."

இத்தனையும் அறிந்த ஊரில், இன்று ஹோட்டலில் இலை எடுக்கும் ஒரிசாப் பையனைப் பார்த்து, "வடக்கத்தியான் வந்து நம்ம பொழைப்பைக் கெடுக்கிறான்" என்று டீக்கடையில் சொல்லக் கேட்கிறேன். அவன் அந்நியன்கூட அல்லன், இந்தியப் பிரஜை. 1930 மே மாதத்தில் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகளை அடித்துக் கொன்ற கும்பலும் ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருக்கும்.

அதைவிட என்னைச் சங்கடப்படுத்துவது, நமக்கு வெகு தொலைவில் இல்லாத மண்டபம் முகாம். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தோரின் பிள்ளைகளும் பேரர்களும் தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, நம் பள்ளிகளில் நம் பாடத்தையே படித்து வளர்கிறார்கள். ஆயின், 1987 ஜூலை முதல், இந்த மண்ணில் பிறந்தது மட்டுமே பிரஜையாவதற்குப் போதாதென்று சட்டம் சொல்கிறது. 2019-ல் திருத்தியபோதும் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று தேசங்களிலிருந்து வந்தவர்களுக்கே சலுகை கிடைத்தது. இலங்கை அதில் இல்லை. 2021-ல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு மாற்றியது; நல்ல காரியந்தான், ஆனால் பிரஜா உரிமை தருவது டெல்லியின் அதிகாரம்.

பர்மாவில் போன நிலத்துக்கு நஷ்டஈடு கேட்டு, டெல்லிக்கு மகஜர் மேல் மகஜராக எழுதிப் பழகியவர்கள் நாம். மண்டபத்துப் பிள்ளைகளுக்காகவும் ஒன்று எழுதுவது நமக்குப் பெரிய பிரயாசையன்று, எழுதத்தான் காணோம்.