டிப்ரன்சல்ல கை வைக்காதீங்க

பழைய பெட்போர்ட் லொறியைப் பார்த்தால் எங்களுக்கும் ஆசை வரத்தான் செய்கிறது. 1958இல் இங்கிலாந்தில் வெளிவந்த, மூக்கு நீண்ட அந்த ஜே மொடல்! 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழசுக்கெல்லாம் மவுசு கூடிப்போச்சு. தெல்தோட்டை கராஜ் ஒன்றிலும் இப்போது ஒன்று நிற்கிறது. சொந்தக்காரர் முதலில் கேட்டது இதைத்தான்: "ஹைவேயில எவ்வளவு போகும்?"

ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த ரோட்டில் பஸ்ஸில் போய்வருகிறவர்கள் நாங்கள். எங்களுக்கும் வேலை இருக்கிறது.

விஷயம் லேசான கணக்கு. டிப்ரன்சல் 6.2 என்று வைத்துக்கொள்வோம். டொப் கியரில் என்ஜின் 6.2 தடவை சுற்றினால் சில்லு ஒரு தடவை சுற்றும். சில்லின் சுற்றளவு இரண்டரை மீற்றர் என்றால், நிமிடத்துக்கு 2500 சுற்றில் வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர். அதற்கு மேல் மிதித்தால் காது கிழியும். இதைச் சரிசெய்ய நம்மாட்கள் சொல்லும் மலிவான வழி, 4.9 டிப்ரன்சல் போடுவது. அதே சுற்றில் 76 போகும்.

ஆனால் அந்த மாற்றம் எல்லாக் கியரையும் பிடிக்கும். முதல் கியரிலும் ஐந்தில் ஒரு பங்கு இழுவை போய்விடும். கராஜ் பாஸே கேட்டார்: "அண்ணே, கலஹா ஏத்தத்துல கொழுந்தோட நின்னா யாரு தள்ளுறது?"

ஏத்தத்தைவிட எங்களுக்கு இறக்கம்தான் பயம். கீழே வரும்போது சின்னக் கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துவைக்கிறது. அந்தப் பிடியும் ஐந்தில் ஒன்று குறையும். மிச்சத்தை பிரேக்தான் சுமக்க வேண்டும். பழைய ட்ரம் பிரேக் சூடேறினால் பிடி தளரும். பின்னால் கொழுந்து மட்டுமா ஏறுகிறது? திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, செத்த வீட்டுக்கு நம்ம சனமும்தான் ஏறுகிறது.

மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. டிப்ரன்சலை அப்படியே விட்டுவிட்டு, ஐந்தாவது கியர் ஓவர்டிரைவாக உள்ள கியர் பொக்ஸ் போடலாம். அது 0.8 என்றால் 2500 சுற்றில் 75 வரும். கீழ்க் கியர்கள் பழைய பொக்ஸுக்குக் கிட்ட இருக்கிறதா என்று பார்த்து எடுத்தால் மலைக்கும் பிடி இருக்கும். செலவு கூடத்தான். புதுப் பொக்ஸ் நீளமாக இருந்தால் ஷாப்டை வெட்டி, பெலன்ஸ் பண்ண வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் உதறல் தாங்காது, அப்புறம் என்ன சொகுசு? என்ஜினையும் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

இன்னொன்று. தெற்கு அதிவேகப் பாதையில் 100 வரை போகலாம், சரி. ஆனால் இந்த லொறி வருஷத்தில் எத்தனை நாள் அங்கே போகும்? பேராதனைக்கு இறங்கி, கடுகண்ணாவை வளைவுகளையும் தாண்டித்தானே அந்தப் பக்கமே போக முடியும்.

4.9 டிப்ரன்சல் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றாம். போன கிழமை பார்த்தபோது பெயின்டும் அடித்திருந்தார்கள், நல்ல சிவப்பு. பிரேக் ட்ரம்மை இன்னும் யாரும் கழற்றிப் பார்க்கவில்லை.