சாம்பலூரில் எட்டு ராத்திரி

சென்ற இதழில், ஏலக்காய்த் தோலைத் தூக்கி எறியாமல் டீத்தூள் டப்பாவில் போட்டு வையுங்கள் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கு அடுத்த தடவை பதில் சொல்கிறேன், சகோதரிகளே. இந்தத் தடவை சமையற்கட்டுப் பக்கமே போகப் போவதில்லை. எட்டு நாளாக எங்கள் வீட்டில் ராத்திரிக்கு ரசமும் சுட்ட அப்பளமும்தான். எல்லாம் 'சுழல்' செய்த வேலை!

'சுழல்' 2022 ஜூன் 17ஆம் தேதி அமேசான் பிரைமில் வந்த தமிழ்த் தொடர். ஊரெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் எனக்கு வாய்த்தது. தீபாவளிக்கு வந்த தம்பி எங்கள் டி.வி.யில் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "அக்கா, ராத்திரி தனியா பாக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனான். அவர் ஏலக்காய் மண்டியிலிருந்து வந்து சாப்பிட்டதும் குறட்டை விடுகிற ஆசாமி. துணைக்கு எதிர்வீட்டு அக்காவைத்தான் கூப்பிட்டேன்.

அக்கா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். காலை ஆறு மணிக்கு ஜீப். போடிமெட்டு மலைப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால், வீடு திரும்பும்போது இருட்டிவிடும். முழங்காலுக்குத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஒன்பதரை மணிக்கு வந்து உட்காருவார். ஒரு ராத்திரிக்கு ஒரு பாகம். அதற்கு மேல் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம்.

கதை நடக்கிற சாம்பலூர் ஒரு மலையூர். வரைபடத்தில் தேடாதீர்கள், கற்பனை ஊர்தான். அங்கே ஒரு சிமென்ட் ஆலை. தொழிலாளர்கள் போராடிக் கொண்டிருக்கும்போது ஒரு ராத்திரி ஆலை தீப்பற்றி எரிகிறது. சங்கத் தலைவர் சண்முகத்தின் மேல் சந்தேகம் விழுகிறது. அதே ராத்திரி அவருடைய சின்ன மகள் நிலாவைக் காணோம். வெளியூரில் இருந்த மூத்தவள் நந்தினி ஓடி வருகிறாள். தேடுகிறவர்கள் சப் இன்ஸ்பெக்டர் சக்கரையும், இன்ஸ்பெக்டர் ரெஜினாவும். இதற்கு மேல் கதை சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

ஆலை எரிகிற கட்டத்தில் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். 2018 மார்ச் 11ஆம் தேதியை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்து, மலையேற வந்தவர்கள் இருபது பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். பாதிக்கு மேல் வயசுப் பெண்கள். "அன்னிக்கு ராத்திரி பூராவும் ஆம்புலன்சு போச்சே தாயி" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தோம்.

எழுதியவர்கள் புஷ்கர், காயத்ரி என்ற தம்பதி. 'விக்ரம் வேதா' எடுத்தார்களே, அவர்களேதான். இயக்கியவர்கள் பிரம்மாவும் அனுசரணும். ஒவ்வொரு பாகமும் முடியும்போது சந்தேகம் ஒரு ஆளைவிட்டு இன்னொரு ஆள் மேல் போய் உட்காரும். மறுநாள் பூரா நானும் அக்காவும் "அவனா, இவனா" என்று வழக்காடினோம். நாலாவது நாள் அக்கா சந்தேகப்படாத ஆள் சாம்பலூரில் ஒருவரும் மிச்சமில்லை!

பின்னணியில் மயானக் கொள்ளைத் திருவிழா நாள் நாளாக நடந்துகொண்டே இருக்கிறது. நம் பக்கம் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாதான் பெரிசு. மயானக் கொள்ளை வடக்கே உள்ள ஜில்லாக்களில், மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் கோயில்களில் நடப்பது. மேல்மலையனூரில் பிரசித்தம். தொடரில் அதை இன்னும் பெரிதாக ஜோடித்திருக்கிறார்கள் போலத் தோன்றியது. மேளச் சத்தம் சில இடங்களில் பேச்சையே விழுங்கிவிடுகிறது. நடுவில் ஐந்தாம் ஆறாம் பாகங்களில் கொஞ்சம் இழுவை. அது போகட்டும்.

நடிப்பில் எனக்குப் பிடித்தது ஸ்ரேயா ரெட்டி. காக்கிச் சட்டையில் ஊரையே அதட்டுகிற ரெஜினா, வீட்டுக்குள் வந்தால் சாதாரண அம்மா. பார்த்திபன் வழக்கமான வார்த்தை ஜாலத்தை ஓரமாக வைத்துவிட்டு, மகளைத் தேடுகிற அப்பனாகவே நிற்கிறார். ஐஸ்வர்யா ராஜேஷின் முகத்தில் கடைசி வரை ஏதோ ஒன்று சொல்லாமல் நிற்கிறது. கதிர் அலட்டிக்கொள்ளாமல் செய்திருக்கிறார்.

ஊர் முழுக்கத் தேடுகிறார்கள். அந்தப் பெண் மனசில் என்ன இருந்தது என்பது மட்டும் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தூக்கம் போனது அந்த இடத்தில்தான்.

என் மகள் நாலாம் வகுப்பு. இரண்டு மாசமாக டியூஷனுக்குப் போக மாட்டேன் என்று அடம். சோம்பல் என்று நினைத்து இரண்டு தடவை முதுகில் வைத்தேன். ஆறாம் பாகம் பார்த்த மறுநாள், தலை பின்னும்போது மெதுவாகக் கேட்டேன். "அந்த வீட்டு வாசல்ல உக்காந்திருக்கிற தாத்தா தினம் கன்னத்தைக் கிள்றாரும்மா. விட மாட்டேங்கிறாரு. எனக்குப் பிடிக்கல" என்றாள். அவ்வளவுதான். அதையே முன்பு ஒரு தடவை சொன்னாளாம். நான் "பெரியவங்க ஆசையா கிள்ளினா என்னடி?" என்றேனாம். எனக்கு ஞாபகமே இல்லை!

மாமியார் "இதையெல்லாம் பெரிசு பண்ணாதே" என்றார். அவரும் சிரித்தார். நான் நேரே டியூஷன் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். நல்ல பெண், முகம் சுளிக்கவில்லை. இப்போது பிள்ளைகள் பின்வாசல் வழியாகப் போகிறார்கள். இவள் அடம் பிடிப்பதில்லை.

2007ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,000க்கும் அதிகமான குழந்தைகளைக் கேட்டதில், நூற்றுக்கு 53 பேர் ஏதோ ஒரு விதமான பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பியவர்கள். (தொடரில் வரும் ஆளுக்கு இது துப்பு அல்ல, அவசரப்படாதீர்கள்.) ஐந்து வருஷம் கழித்து, 2012ல் போக்சோ சட்டம் வந்தது. குழந்தையைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே, கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து கேட்க வேண்டும். பெயர் வெளியே வரக் கூடாது. 1098க்குப் போன் செய்தால் காசு இல்லை. கேஸ் புத்தகத்தின் அட்டையில் இந்த நம்பரை எழுதி வைத்திருக்கிறேன்.

குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு 'சுழல்' பார்க்காதீர்கள். பிள்ளை பெற்ற உடம்புக்காரர்கள் பகலில் பாருங்கள். ராத்திரித் தூக்கம் கெட்டால் பாலுக்கும் கேடு என்று என் அம்மா சொல்வார். இந்த வகையில் இன்னும் வேண்டுமானால், 2019ல் வந்த 'டெல்லி கிரைம்' இருக்கிறது. 2020ல் சர்வதேச எம்மி விருது வாங்கியது. நிஜ வழக்கு என்பதால் எனக்கு இரண்டு பாகத்துக்கு மேல் ஓடவில்லை. கன்னியாகுமரிப் பக்கத்துக் கதையான 'வதந்தி' தேவலை. அதில் லைலாவை அம்மாவாகப் பார்க்கலாம்.

எட்டாவது பாகம் முடிந்ததும் அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். காலையில் ஜீப் வந்து ஹாரன் அடிக்கிறது, அக்கா வாசலுக்கு வரவில்லை. ஏழாவது படிக்கிற மகளிடம், "யாராச்சும் உன்னை ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாராம். அது தலையைக் குனிந்துகொண்டு, "சாயந்திரம் சொல்றேம்மா" என்றதாம். அப்புறம் எப்படி மலை ஏறுவார்? ஒரு நாள் கூலி போனது. பள்ளிக்கூடத்தில் உடன் படிக்கிற பெண்கள் கேலி செய்த சங்கதிதான், பெரிதாக ஒன்றுமில்லை. அதைச் சொல்லி முடிக்க அந்தப் பிள்ளைக்கு ஒரு முழுக் காலை வேண்டியிருந்தது.

2025 பிப்ரவரியில் இரண்டாம் பாகம் வந்தாயிற்று. சக்கரையும் நந்தினியும் திரும்ப வருகிறார்கள், இந்தத் தடவை கடலோர ஊர், ஒரு வக்கீல் கொலை. வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கிறோம். அக்காவின் மகள் தனக்கும் இடம் போட்டு வைக்கச் சொன்னாள். "நீ படிக்கிற வேலையைப் பாரு" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.