சடைநாய்க்குத் தினம் பத்து நிமிஷம்

ஐப்பசி மழை விட்ட மறுநாள், மண்ணூர்ல எங்க வயல் வரப்புல ஒரு சடைநாய் நின்னுச்சு. ஷிட்சு சாதி. கழுத்துல பட்டை இருந்தது. தேடி யாரும் வரல. ஒரகடம் பக்கம் வீடு மாத்திப் போனவங்க விட்டிருக்கலாம்.

காதுக்குப் பின்னால, அக்குள்ல, தொடை இடுக்குல முடி சிக்காகி கம்பளி மாதிரி இறுகிக் கிடந்தது. நான் செஞ்ச தப்பு, முதல்ல குளிப்பாட்டினது. நனைஞ்ச சிக்கு காயக் காய இன்னும் இறுகிடுச்சு. கால்நடை மருத்துவர் மெஷின் வச்சு வழிச்சதும், அடியில புண்ணும் உண்ணியும். ஒவ்வொரு அடிக்கும் தோல் இழுக்கிற வலியோடதான் அது திரிஞ்சிருக்கு.

அழகுக்காகச் சடைநாய் வாங்குற நகரத்து நண்பர்களே, தினம் பத்து நிமிஷம் சீப்புக்கு ஒதுக்குங்க. குளிப்பாட்டும் முன்னாடியே சீவணும். முடியை வகுந்து, நுனியில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா வேர் வரைக்கும் போகணும். பட்டையைக் கழற்றி அடியிலயும் பாருங்க. கத்தரிக்கோல் வேண்டாம், சிக்கோட தோலும் சேர்ந்து வந்து வெட்டுப்படும்.

அந்த நேரம் இல்லையா? நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறைக்குக் குட்டை முடி, சிக்கு விழாது. ஆனா ஓட இடம் வேணும். ரெண்டும் இல்லேன்னா நாயே வேண்டாம்.

இப்ப சாயங்காலமானா, சீப்பை எடுக்கும் முன்னாடியே திண்ணையில வந்து உக்காருது.