பீரோவில் பூட்டிய டெலஸ்கோப் வானத்தைக் காட்டுமா?

பள்ளிக்கூடத்துக்கு டெலஸ்கோப் வந்தால் அன்று ஒரே கொண்டாட்டம்! பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பெரியவர்களும் எட்டிப் பார்க்கிறார்கள்.

பிறகு சில இடங்களில் என்ன நடக்கிறது? "பிள்ளைகள் கை பட்டால் கெட்டுவிடும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் போகிறது. திறந்து பார்த்தால் கண்ணாடியில் பூஞ்சணம் பூத்திருக்கிறது!

பிள்ளைகள் கை பட்டதால் அது கெடவில்லை. யார் கையும் படாததால் கெட்டது.

டெலஸ்கோப் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். அதைப் பராமரிக்கும் வேலையையும் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்க வேண்டும். அது அவர்களால் முடியாத வேலை அல்ல.

பெரிய வித்தை அல்ல

லென்சு மட்டும் வைத்த டெலஸ்கோப் ஒரு வகை. குழிந்த கண்ணாடி வைத்த டெலஸ்கோப் மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையை 1668-ம் ஆண்டில் முதன்முதலாகச் செய்து காட்டியவர், ஆங்கில நாட்டு விஞ்ஞானி ஐசக் நியூட்டன்.

அதன் அமைப்பு எளியது. ஒரு குழாய். அதன் அடியில் குழிந்த பெரிய கண்ணாடி. நட்சத்திர ஒளி அதில் பட்டு, குவிந்து, மேலே திரும்பி வருகிறது. மேலே சாய்வாக ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. அது ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. அங்கே 'ஐபீஸ்' என்னும் சிறு லென்சு. அதில் கண்ணை வைத்தால் வானம் தெரியும். அவ்வளவுதான்!

6 அங்குலக் கண்ணாடி, இருட்டில் நன்றாக விரிந்த கண்மணியைவிடச் சுமார் 450 மடங்கு ஒளியைச் சேர்க்கும்.

சங்கீதக்காரரும் சாமியாரும்

வில்லியம் ஹெர்ஷல் என்பவர் சங்கீதக்காரர். பிழைப்புக்கு வாத்தியம் வாசித்தார். ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே கண்ணாடி தேய்த்தார். அப்படித் தாமே செய்த சுமார் 6 அங்குல டெலஸ்கோப்பால் 1781-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தார். அவர் கண்ணாடி தேய்க்கும்போது கையை எடுக்க முடியாது. தங்கை கரோலின்தான் அவருக்குச் சோறு ஊட்டினார்!

அமெரிக்காவில் ஜான் டாப்சன் என்று ஒருவர். 1944-ல் சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் சேர்ந்து, சாமியார் ஆனார். கையில் காசு கிடையாது. கப்பல் ஜன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்தார். அட்டைக் குழாயில் பொருத்தினார். மரப் பெட்டியில் உட்கார வைத்தார். 1967-ல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன் பிறகு நடைபாதையில் டெலஸ்கோப்பை நிறுத்தி, போவோர் வருவோருக்குச் சந்திரனையும் சனியையும் காட்டினார். 2014-ல் காலமானார். அவர் வகுத்த மரப்பெட்டித் தாங்கி, இன்றும் அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது.

சங்கீதக்காரர் செய்தார். சாமியார் செய்தார். நம் பிள்ளைகள் பராமரிக்கக்கூட மாட்டார்களா?

நிறுத்துவது எப்படி?

கடினமான, சமமான தரை வேண்டும். ஆடும் மேஜை மேல் வைத்தால் நட்சத்திரமும் ஆடும். வெயிலில் காய்ந்த மொட்டை மாடியைவிட மண் தரை மேல். மாடித் தளத்திலிருந்து எழும் சூடு, காட்சியைக் கலக்கிவிடும்.

பார்ப்பதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே டெலஸ்கோப்பை வெளியே வைத்துவிட வேண்டும். கண்ணாடி ஆற வேண்டும். ஆறாத கண்ணாடியில் காட்சி நெளியும்.

அடுத்தது, கண்ணாடிகளை நேர்ப்படுத்துதல். ஐபீசைக் கழற்றிவிட்டு, நடுவில் சிறு துளை போட்ட மூடியை அந்த இடத்தில் பொருத்துங்கள். துளை வழியே பாருங்கள். சிறு கண்ணாடிக்குள் பெரிய கண்ணாடி முழு வட்டமாக, நடுவில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சிறு கண்ணாடியின் திருகுகளை மெல்லத் திருப்புங்கள். பிறகு குழாயின் அடியில் உள்ள மூன்று திருகுகளைத் திருப்பி, உங்கள் கண்ணின் பிம்பத்தை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை!

பெரிதாக்கிக் காட்டுவது எத்தனை மடங்கு? கணக்குச் சுலபம். கண்ணாடியின் குவிய தூரத்தை ஐபீசின் குவிய தூரத்தால் வகுக்க வேண்டும். 1,200 மில்லிமீட்டரை 25-ஆல் வகுத்தால் 48 மடங்கு. முதலில் இதுவே போதும். "500 மடங்கு, 600 மடங்கு" என்று சிறு டெலஸ்கோப்புக்கு விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஓர் அங்குலக் கண்ணாடிக்கு 50 மடங்குக்கு மேல் போனால் காட்சி பெரிதாகும், ஆனால் மங்கிப்போகும்.

துடைத்தால் கெடும்!

வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு பின்புறம். டெலஸ்கோப் கண்ணாடிக்குப் பூச்சு முன்புறம். அந்த அலுமினியப் பூச்சு தலைமயிரைவிடப் பல நூறு மடங்கு மெல்லியது. புடவைத் தலைப்பால் ஒரு துடை துடைத்தால் போதும், கீறல் விழுந்துவிடும்!

கொஞ்சம் தூசி இருந்தால் குற்றம் இல்லை. காட்சி கெடாது. விட்டுவிடுங்கள். தூசி மிகவும் படிந்தால் மட்டும் கழுவலாம். கைமோதிரத்தைக் கழற்றுங்கள். தண்ணீரை மெல்ல ஓடவிட்டு மணல் துகளைப் போக்குங்கள். ஒரு சொட்டு மென்மையான சோப்பு நீரில் பஞ்சை நனைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். கடைசியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் கறை போடும். சாய்த்து நிறுத்தி, தானே உலரவிடுங்கள்.

பார்த்து முடித்ததும் பனி உலர்ந்த பிறகே மூடி போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் வரும்.

எச்சரிக்கை! டெலஸ்கோப்பைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. நொடியில் பார்வை போய்விடும். பகலில் பெரியவர் ஒருவர் துணை இல்லாமல் பிள்ளைகள் மூடியைத் திறக்கக் கூடாது.

"உடைந்தால் யார் பொறுப்பு?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அரசாங்கப் பொருளுக்கு ஆசிரியர் கணக்குச் சொல்ல வேண்டும். அவர் பயப்படுவதில் தப்பு இல்லை.

ஆனால், பூட்டி வைத்துக் கெட்டுப்போனால் மட்டும் கணக்கு சரியாகிவிடுமா? பூச்சு மங்கினால் மறுபடி பூசலாம். பெரிய வானாராய்ச்சி நிலையங்களிலும் அவ்வப்போது பூச்சைப் புதுப்பிக்கிறார்கள். திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் 1986 முதல் இயங்கிவரும் 2.3 மீட்டர் டெலஸ்கோப்பின் கண்ணாடி, நம் நாட்டிலேயே தேய்த்து மெருகேற்றப்பட்டது. அந்தத் திறமை எங்கிருந்து வரும்? திருகைத் திருப்பிப் பார்த்த பிள்ளையிடம் இருந்துதான் வரும்.

ஆகவே பள்ளி நிர்வாகிகள் ஒன்று செய்யலாம். நான்கு மாணவ மாணவிகளைப் பொறுப்பாளராக நியமிக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். யார் எடுத்தார்கள், என்ன பார்த்தார்கள், எப்போது கழுவினார்கள் என்று அதில் எழுதட்டும். ஆசிரியருக்கும் அது பாதுகாப்பு.

மாதம் ஒரு நாள் ஊராருக்கும் காட்ட வேண்டும். எந்த நாள்? பௌர்ணமி வேண்டாம். அன்று சந்திரனில் நிழல் விழாது. மலையும் பள்ளமும் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் பார்த்தால், பாதிச் சந்திரனில் ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும்!

அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள். இந்த ஒரு நல்ல காரியத்தை மட்டும் அஷ்டமியிலேயே தொடங்கலாம்!